ஹேங்அவுட்ஸ் நன்றாகத்தான் இருந்தது, கூகுள் பிளஸ்ஸில் ஆள்தான் இல்லை

அட்டகாசமான ஒன்றை வெளியிடப்போகிறோம் என்று ஒரு வாரமாக ஆசை காட்டியிருந்தார் மார்க் ஸக்கர்பெர்க். 2011 ஜூலை 6 அன்று அது என்னவென்று தெரிந்தது: ஃபேஸ்புக்குக்குள்ளேயே வீடியோ கால். ஸ்கைப் நிறுவனத்தோடு சேர்ந்து செய்திருந்தார்கள். இருவர் மட்டும் பேசலாம். ஃபேஸ்புக்கில் அப்போது 75 கோடிப் பேர் இருந்தார்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. எட்டு நாள் முன்னால், ஜூன் 28 அன்று, கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் வந்துவிட்டது. அழைப்பு கிடைத்தவர்கள் மட்டும்தான் உள்ளே போக முடியும் என்பதால் 'எனக்கு ஒரு இன்வைட் அனுப்புங்களேன்' என்று கெஞ்சல் ஓடிக்கொண்டிருந்த நேரம். உள்ளே போனவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பாராட்டியது ஹேங்அவுட்ஸை. ஒரே நேரத்தில் பத்துப் பேர் முகம் பார்த்துப் பேசலாம், இலவசமாக. ஸ்கைப்பில் கூட்டாக வீடியோ பேசுவதற்கு அன்று காசு கட்ட வேண்டும். அது இலவசமானது 2014-இல்தான். ஆக, தொழில்நுட்பத்தில் கூகுள் தெளிவாக ஒரு படி முன்னே இருந்தது. இதை வைத்து ஃபேஸ்புக்கிலிருந்து ஆட்களை இழுத்துவிடலாம் என்று பலர் நம்பினார்கள்.

2019 ஏப்ரல் 2 அன்று கூகுள் பிளஸ்ஸை மூடினார்கள். மூடுவதாக முந்தைய அக்டோபரில் அறிவித்தபோது கூகுளே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது: தளத்துக்கு வருகிறவர்களின் வருகையில் 90 சதவீதம் ஐந்து விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. தெரியாமல் கை பட்டுத் திறந்து, உடனே மூடியவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

வீடியோ கால் ஒரு சமூக வலைத்தளத்துக்கு ஆள் சேர்க்குமா என்ற கேள்விக்கு இதைவிடச் சுத்தமான சோதனை கிடைக்காது. பணம், பொறியாளர்கள், சர்வர்கள், விளம்பரம் எதிலும் குறை வைக்கவில்லை. வீடியோ கால் வசதியும் போட்டியாளரிடம் இருந்ததைவிட மேல். அப்படியும் நடக்கவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

ஹேங்அவுட்ஸ் எப்படி வேலை செய்தது என்று இன்று பலருக்கு நினைவிருக்காது. அதில் நீங்கள் யாரையும் 'கூப்பிட' வேண்டியதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் முதலில் உங்கள் முகம் மட்டும் தெரியும் ஒரு திரை வரும். தலை கலைந்திருக்கிறதா, மைக் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் உள்ளே போனால், இன்னார் ஹேங்அவுட்டில் இருக்கிறார் என்று உங்கள் வட்டத்தில் உள்ளவர்களின் பக்கத்தில் ஒரு பதிவு தோன்றும். விருப்பப்பட்டவர் வந்து சேரலாம். யார் பேசுகிறாரோ அவர் முகம் தானாகப் பெரிதாகும். சேர்ந்து உட்கார்ந்து யூடியூப் வீடியோவும் பார்க்கலாம். மாலையில் திண்ணையில் போய் உட்காருவது மாதிரிதான். போகிறவர் வருகிறவர் பார்த்து, நேரமிருந்தால் ஏறி உட்காருவார். இல்லையென்றால் தலையசைத்துவிட்டுப் போவார். யாரையும் தொந்தரவு செய்த மாதிரி ஆகாது. வடிவமைப்பில் இது அருமையான யோசனை என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தால்தான் திண்ணை. கூகுள் பிளஸ்ஸில் அதுதான் இல்லை. இரண்டே வாரத்தில் ஒரு கோடிப் பேர் சேர்ந்துவிட்டதாக ஜூலை 14 அன்று கூகுள் தலைவர் லாரி பேஜ் சொன்னார். வேகம் பெரிதுதான். ஆனால் அந்த ஒரு கோடி உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. உங்கள் அக்கா அதில் இல்லை. கல்லூரித் தோழன் கணக்கு தொடங்கிவிட்டு மறந்துவிட்டான். ஹேங்அவுட்டைத் திறந்துவைத்து, தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு காத்திருந்தவர்கள் நிறைய.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு நூறு நண்பர்கள், அதில் இருபது பேர் புதிய தளத்துக்கு வந்துவிட்டார்கள் என்று வையுங்கள். நீங்கள் ஒரு பதிவு எழுதினால் இருபது பேர் படிப்பார்கள். ஐந்து பேர் பதில் போடுவார்கள். மோசமில்லை, தொடர்ந்து எழுதலாம். ஆனால் பேசுவது என்று வரும்போது உங்களுக்கு யாராவது ஒருவர் போதாது, குறிப்பிட்ட ஒருவர் வேண்டும். அவர் இல்லையென்றால் மற்ற இருபது பேர் இருந்தும் பயனில்லை. அவருக்கும் உங்களுக்கும் பொதுவாக எது இருக்கிறதோ அங்கே போய்த்தான் பேசுவீர்கள். பதிவுக்குக் கூட்டத்தில் ஒரு பகுதி வந்தால் போதும். வீடியோ காலுக்கு அந்த ஆளே வந்தாக வேண்டும். அதனால் ஆள் குறைவாக உள்ள தளத்தில் முதலில் உயிர் விடுவது வீடியோ கால்தான். ஆள் சேர்க்கும் கருவியாக அதை நம்பியது தலைகீழான திட்டம்.

நேரமும் ஒரு சிக்கல். பதிவு காத்திருக்கும். காலையில் போட்டதை ராத்திரி பத்து மணிக்குப் படுத்துக்கொண்டு படிக்கலாம். வீடியோ காலுக்கு இருவரும் ஒரே நேரத்தில் சும்மா இருக்க வேண்டும், வெளிச்சம் உள்ள இடத்தில் இருக்க வேண்டும், பின்னால் துணி காயாமல் இருக்க வேண்டும். இது இன்றைக்கு நேற்று வந்த சங்கடமில்லை. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'பிக்சர்ஃபோன்' என்ற படம் காட்டும் தொலைபேசியை வைத்தது. 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் மாதம் 160 டாலர் வாடகைக்குக் கொடுத்தது. சில நூறு இணைப்புகளைத் தாண்டவில்லை. விலை ஒரு காரணம். வாங்கியவருக்கு அதில் கூப்பிட வேறு ஆளே இல்லை என்பது இன்னொரு காரணம். போதாததற்கு, வீட்டில் இருக்கும்போது முகத்தைக் காட்ட மக்களுக்கு அத்தனை ஆசையும் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: பேசி முடித்தால் வீடியோ காலில் மிச்சம் எதுவும் இல்லை. சமூக வலைத்தளம் நடப்பதே மிச்சங்களால்தான். நேற்றைய படம், போன வாரத்துச் சண்டை, யாரோ போட்ட கவிதைக்கு யாரோ அடித்த கிண்டல், இவையெல்லாம் அங்கேயே கிடந்தால்தான் புதிதாக வருகிறவர் 'அட, இங்கே ஏதோ நடக்கிறதே' என்று உட்காருவார். நீங்களும் நானும் இரண்டு மணி நேரம் வீடியோவில் பேசினாலும் மூன்றாமவர் கண்ணுக்கு அந்தத் தளம் காலியாகத்தான் தெரியும். கம்பெனிக்கும் அதில் வருமானம் இல்லை. பேச்சுக்கு நடுவே விளம்பரம் போட முடியாது, சர்வர் செலவு மட்டும் ஏறும். ஸ்கைப் ஆரம்பத்தில் பேசுகிறவர்களின் கணினிகளையே நேரடியாக இணைத்து அந்தச் செலவைத் தவிர்த்தது. ஹேங்அவுட்ஸோ எல்லாவற்றையும் கூகுளின் தரவு மையங்கள் வழியாகவே அனுப்பியது.

இந்த மிச்சமில்லாத குறை கூகுளுக்கும் புரிந்திருக்க வேண்டும். அதனால்தான் 'ஹேங்அவுட்ஸ் ஆன் ஏர்' வந்தது. பத்துப் பேர் பேசுவதை உலகமே நேரலையில் பார்க்கலாம், முடிந்ததும் யூடியூபில் பதிவாகிவிடும். 2012 மே மாதம் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கூகுள் பிளஸ்ஸின் நினைவுகூரத்தக்க தருணங்கள் பெரும்பாலும் இந்த வகையில் வந்தவைதான். அதற்கு முன்பே, 2011 அக்டோபரில், பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் 80-ஆவது பிறந்தநாளுக்குத் தென்னாப்பிரிக்கா போக விசா கிடைக்காத தலாய் லாமா ஹேங்அவுட் வழியாக அவரோடு பேசினார். 2012 ஜனவரி 30 அன்று ஒபாமா வெள்ளை மாளிகையிலிருந்து மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று, அப்போது குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடி ஹேங்அவுட் நடத்தினார்; நிகழ்ச்சியை நடத்திக் கொடுத்தவர் இந்தி நடிகர் அஜய் தேவ்கன். 2013 பிப்ரவரியில் நாசா, விண்வெளி நிலையத்தில் இருந்தவர்களையே ஹேங்அவுட்டில் கொண்டுவந்தது. எனக்குப் பிடித்தது வானியல் ஆர்வலர்கள் நடத்திய நட்சத்திர விருந்து. ஆளுக்கொரு ஊரிலிருந்து தங்கள் தொலைநோக்கியைக் கேமராவோடு இணைத்து, சனிக் கோளின் வளையத்தையும் நெபுலாக்களையும் நேரலையில் காட்டினார்கள். மேகம் மூடிய ஊர்க்காரர் விலகிக்கொள்ள, வானம் தெளிந்த ஊர்க்காரர் தொடருவார்.

இவையெல்லாம் நல்ல நிகழ்ச்சிகள். ஆனால் நிகழ்ச்சிகள். பார்த்தவர்கள் யூடியூபில் பார்த்தார்கள், பதிவு யூடியூபில் தங்கியது, பேரும் யூடியூபுக்குப் போனது. 2016-இல் ஆன் ஏர் வசதியையே யூடியூப் லைவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒபாமாவைப் பார்க்க வந்தவர் ஒபாமா போனதும் போய்விட்டார். மாநாட்டுக்கு வந்த கூட்டத்தை ஊரின் மக்கள்தொகையில் சேர்க்க முடியாது.

நம் பக்கத்துக் கதை வேறு. கூகுள் பிளஸ் வந்த புதிதில் அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியாவிலிருந்துதான் அதிகம் பேர் எட்டிப் பார்த்தார்கள். கூகுளின் முந்தைய அரட்டைத் தளமான பஸ்ஸில் (Buzz) தமிழில் அரட்டை அடித்துக்கொண்டிருந்த பதிவர்கள் அப்படியே பிளஸ்ஸுக்கு வந்தார்கள். அங்கே நடந்ததெல்லாம் எழுத்து. ஒரு வரிப் பதிவுக்குக் கீழே நூறு மறுமொழி, அதில் பாதி கும்மி. புனைபெயரில் எழுதியவர்கள் பலர். முகம் தெரியாததுதான் அந்தக் கூட்டத்தின் சுவாரஸ்யமே. 'வா, வீடியோவில் பேசலாம்' என்றால் யார் வருவார்? அறிமுகமில்லாதவர்களோடு பழகுவதற்காகச் சமூக வலைத்தளத்துக்கு வருகிறோம். வீடியோ காலோ நன்றாகத் தெரிந்தவர்களோடு பேசுவதற்கு. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம், ஒன்றுக்காக வந்தவர் மற்றொன்றுக்கும் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அறிமுகமில்லாதவர்களை வீடியோவில் நேருக்கு நேர் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பதை 2009-இல் வந்த சாட்ரூலெட் காட்டிவிட்டது. ஒரு ரஷ்யப் பள்ளி மாணவர் உருவாக்கிய அந்தத் தளம் சில மாதங்களில் உலகப் புகழ் பெற்றது. அடுத்த சில மாதங்களில், துணியில்லாத ஆண்களின் கேமராவாக மாறிப் பெயர் கெட்டது.

அன்றைய இணைய வேகத்தையும் சொல்ல வேண்டும். 2013 வரை இந்தியாவில் நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அதற்குப் பெயர் பிராட்பேண்ட். அதில் பத்துப் பேர் ஹேங்அவுட் என்றால் பத்து உறைந்த முகங்கள். தமிழ்நாட்டில் 2012-இல் இருந்த மின்வெட்டுக்கு மோடத்தின் விளக்கு எரிந்ததே பெரிய விஷயம்.

சரி, ஃபேஸ்புக் பக்கம் என்ன ஆயிற்று? அந்த ஸ்கைப் வீடியோ காலை யாராவது இன்று நினைவில் வைத்திருக்கிறார்களா? வந்தது, கொஞ்சம் பேர் பயன்படுத்தினார்கள். அதற்காக யாரும் ஃபேஸ்புக்கில் சேரவில்லை. அது சுமாராக இருந்ததற்காக யாரும் வெளியேறவும் இல்லை. வீடியோ காலில் தோற்ற ஃபேஸ்புக் வளர்ந்தது, ஜெயித்த கூகுள் பிளஸ் காலியானது. 2013 மே மாதம் கூகுள் ஹேங்அவுட்ஸைத் தனி ஆப் ஆக்கியது. மீனை ஆற்றில் விட்ட கதைதான். அதன் வழியில் வந்த கூகுள் மீட் இன்று பள்ளிக்கூடம் முதல் நீதிமன்றம் வரை ஓடுகிறது, எந்தச் சமூக வலைத்தளத்தின் துணையும் இல்லாமல்.

ஸ்கைப் இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்து அதே இடத்தில் முட்டியது. 2003-இல் தொடங்கியது, 2006-இல் வீடியோ வந்தது. கனடாவிலும் லண்டனிலும் இருந்த பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்துப் பெற்றோரும், அமெரிக்காவில் இருந்த மகனோடு மயிலாப்பூர் அம்மாவும் பேசியது பெரும்பாலும் அதில்தான். மைக்ரோசாஃப்ட் 2011-இல் 850 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஆனால் ஸ்கைப்பைத் திறந்து 'யார் என்ன செய்கிறார்கள் பார்க்கலாம்' என்று யாரும் மேய்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை திறப்பார்கள், பேசுவார்கள், மூடுவார்கள். அடுத்த ஞாயிறுவரை அதில் வேலை இல்லை. 2025 மே 5 அன்று அதையும் மூடினார்கள். கோடிக்கணக்கானோர் முகம் பார்த்த இடம் ஒரு ஊராக ஆகவே இல்லை.

இப்போது வாட்ஸ்அப்புக்கு வருவோம், ஏனென்றால் நம்மில் பலருக்கு வீடியோ கால் என்றாலே அதுதான். வாட்ஸ்அப் தொடங்கியது 2009. வீடியோ கால் வந்தது 2016 நவம்பர் நடுவில், அதாவது ஏழு ஆண்டு கழித்து. அதற்குள் 100 கோடிப் பேர் சேர்ந்துவிட்டிருந்தார்கள். ஃபேஸ்டைம், ஸ்கைப், வைபர், கூகுள் டுவோ எல்லாம் முன்பே களத்தில் இருந்தும், கடைசியில் வந்த வாட்ஸ்அப் பந்தியில் முதல் இலை போட்டு உட்கார்ந்தது. தரத்தால் இல்லை. உங்கள் போனில் உள்ள எண்கள் எல்லாம் ஏற்கெனவே அதில் இருந்தன. யாரையும் புதிதாக 'ஆப் போடு' என்று கேட்க வேண்டியதில்லை. நம் நாட்டில் நேரமும் கூடி வந்தது. செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்து டேட்டாவை இலவசமாக வாரி இறைத்துக்கொண்டிருந்தது. செல்லாத நோட்டு அறிவிப்பு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஏடிஎம் வரிசையில் நின்றவர்களுக்குப் பொழுதுபோக்கும் தேவைப்பட்டது.

இதுவரை சொன்னதைப் பார்த்தால் வீடியோ கால் யாரையும் புதிதாக அழைத்துவராது என்று முடித்துவிடத் தோன்றும். முழுக்க அப்படியும் இல்லை. ஒரு வகை ஆட்களை அது மட்டும்தான் கொண்டுவந்தது: வீட்டுப் பெரியவர்களை.

தட்டச்சு தெரியாது, ஆங்கில மெனு புரியாது, ஃபேஸ்புக்கில் பார்க்க ஒன்றுமில்லை என்று இருந்தவர்களுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுக்கச் சொல்லப்பட்ட காரணம் பேரப்பிள்ளையைப் பார்ப்பது. பச்சைப் பொத்தானை மேலே தள்ளத் தெரிந்தால் போதும். தொடக்கத்தில் பாட்டி போனைக் காதில் வைத்துத்தான் பேசுவார்; டெக்சாஸில் இருக்கும் மகனுக்குத் திரை முழுக்கத் தெரிவது ஒரு காதும் தோடும். 'அம்மா, முன்னாடி பிடி' என்று மூன்று முறை கத்திய பிறகு நெற்றியும் மின்விசிறியும் தெரியும். குழந்தையைக் காட்டினால் போனை முத்தமிடுவார், அதில் கால் கட்டாகும். இப்படி வந்தவர்கள்தான் ஆறு மாதத்தில் குடும்பக் குழுவில் காலை வணக்கப் படம் அனுப்பவும், ஸ்டேட்டஸில் முருகனை வைக்கவும், மூட்டுவலிக்குக் கைவைத்தியம் ஃபார்வர்டு செய்யவும் தொடங்கினார்கள். வாசல் வீடியோ கால், உள்ளே நுழைந்ததும் சமூக வலைத்தளம். ஆனால் கவனியுங்கள், பெரியவர்கள் வந்தது பிள்ளைகள் ஏற்கெனவே இருந்த இடத்துக்கு. பிள்ளை வாட்ஸ்அப்பில் இல்லாமல் கூகுள் பிளஸ்ஸில் இருந்திருந்தால் பாட்டியும் அங்கேதான் போயிருப்பார்.

வளைகுடாவில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், கால் பேச முடியாது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருமானத்தைக் காக்கும் கட்டுப்பாடு. சவூதி 2017 செப்டம்பரில் இணையவழி அழைப்புகள் மீதான தடையை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது, அமீரகம் விலக்கவில்லை. அதனால் துபாயில் வேலை செய்கிறவர் அனுமதி பெற்ற போட்டிம் மாதிரி ஆப்பைப் போட்டு, அதற்கென்று மாதக் கட்டணமும் கட்டினார். 2018-இல் இந்தத் திட்டம் வந்தபோது மொபைலுக்கு மாதம் 50 திர்ஹாம். ஊரில் இருக்கும் மனைவியும் அம்மாவும் அந்த ஒருவருக்காகவே போட்டிமை இறக்கிக்கொண்டார்கள். மெதுவான இணைப்பிலும் ஓடிய ஐமோவுக்கும் வளைகுடாத் தொழிலாளர் குடும்பங்களில் இப்படித்தான் இடம் கிடைத்தது. இலங்கையில் வைபர் எத்தனை பரவியிருந்தது என்றால், 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போது அரசு முடக்கிய பட்டியலில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப்போடு வைபரும் இருந்தது.

ஆக, வேறு வழியில்லாதபோது வீடியோ காலுக்காகவே மக்கள் ஒரு ஆப்பில் சேருகிறார்கள். எத்தனை பேர் சேர்கிறார்கள் என்றால், ஒரு தொழிலாளிக்கு மூன்று நான்கு பேர். கணவன், மனைவி, அம்மா, ஒருவேளை தம்பி. அந்த மூன்று பேருக்குள் ஊர்வலம் போவதில்லை. போட்டிம் பின்னாளில் விரிந்தபோது போன திசையும் சமூக வலைத்தளம் கிடையாது, பணம் அனுப்பும் சேவை. தன் வாடிக்கையாளர் எதற்காகப் போனை எடுக்கிறார் என்று அந்த நிறுவனத்துக்குச் சரியாகப் புரிந்திருக்கிறது.

ஹேங்அவுட்ஸின் திண்ணை யோசனை முழுக்க வீணாகவும் இல்லை. 2015-இல் வந்த டிஸ்கார்ட் அதைக் குரலில் செய்தது. கூப்பிட வேண்டாம், ஒரு அறை எப்போதும் திறந்திருக்கும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பெயர் தெரியும், போய்ச் சேரலாம். கணினி விளையாட்டு ஆடுகிறவர்கள் ஸ்கைப்பையும் டீம்ஸ்பீக்கையும் விட்டுவிட்டு அதற்குப் போனார்கள். இங்கே மட்டும் ஏன் எடுபட்டது? குழு முன்பே இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே வேலையில் இருந்தார்கள். இரண்டு கையும் விளையாட்டில் இருந்ததால் எழுதவும் முடியாது. குரல் அவர்களுக்குத் தேவையாகவே இருந்தது. முகம் தேவைப்படவில்லை, டிஸ்கார்டில் வீடியோ வந்தது அப்புறம்தான்.

2020 ஊரடங்கில் ஹவுஸ்பார்ட்டி என்ற ஆப் இதே யோசனையை வீடியோவில் முயன்றது. திறந்தாலே நண்பர்களுக்குத் தகவல் போகும், எட்டுப் பேர் வரை சேரலாம். உலகமே வீட்டில் அடைந்து கிடந்த ஒரே மாதத்தில் 5 கோடிப் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நேரம் இருந்த, யாரும் வெளியே போகாத, மறுபடி வரக் கூடாத காலம் அது. கதவு திறந்ததும் கூட்டம் கலைந்தது. 2021 அக்டோபரில் மூடிவிட்டார்கள். அதே ஊரடங்கில் ஜூம் எங்கோ போய்விட்டது. நாளொன்றுக்கு ஒரு கோடியாக இருந்த கூட்டப் பங்கேற்பு நான்கே மாதத்தில் 30 கோடியானது. ஜூமில் சேர கணக்கே வேண்டாம், ஒரு லிங்க் போதும். அந்த லிங்க் வாட்ஸ்அப்பில் வரும்! பேசுவதற்கு ஒரு வலைத்தளத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே அதோடு செத்தது.

ஆனாலும் ஆசை விடுவதில்லை. ட்விட்டரை வாங்கி எக்ஸ் ஆக்கிய எலான் மஸ்க், எல்லாமும் ஒரே ஆப்பில் என்ற கனவோடு 2023 அக்டோபரில் அதில் வீடியோ காலைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாக் கணக்குகளுக்கும் விரித்தார்கள். தானாகவே இயங்கும் நிலையில் வைத்திருந்ததால், எதிராளிக்கு நம் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் நம் கருவியை அடையாளம் காட்டும் எண், தெரிந்துவிடக்கூடும் என்ற கவலை கிளம்பியது. செய்தித் தளங்கள் அதைப் பற்றி எழுதியவற்றில் பாதி, எப்படி அணைப்பது என்ற செய்முறைக் குறிப்புகள்.

நம் ஊர் 'அரட்டை' ஆப்பும் இந்தக் கேள்வியைச் சந்தித்துக்கொண்டிருக்கிறது. ஸோஹோ 2021-இல் வெளியிட்ட அந்த ஆப், 2025 செப்டம்பர் கடைசியில் சுதேசி அலையில் திடீரென்று ஏறியது. மத்திய அமைச்சர்கள் பரிந்துரைத்தார்கள்; நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதுப் பதிவு மூன்று நாளில் 3,50,000 ஆனதாக ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். வீடியோ கால் உண்டு, மீட்டிங் வசதி உண்டு, டிவியிலும் ஓடும். வந்தவர்கள் இவற்றுக்காக வரவில்லை. இறக்கினார்கள், யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள், தெரிந்த நாலு பேருக்கு வணக்கம் வைத்தார்கள். அப்புறம் அதே நாலு பேரோடு வாட்ஸ்அப்பில் பேச்சைத் தொடர்ந்தார்கள். சில வாரங்களில் வேகம் தணிந்தது. வேம்பு அப்போது முன்வைத்த யோசனை வசதிகளைக் கூட்டுவது பற்றியது இல்லை: யூபிஐ மாதிரி, மின்னஞ்சல் மாதிரி, எந்த ஆப்பிலிருந்தும் எந்த ஆப்புக்கும் செய்தி போகிற பொதுத் தரம் வேண்டும் என்றார்.

ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சட்டமாகவே போட்டிருக்கிறது. அங்குள்ள டிஜிட்டல் சந்தைச் சட்டப்படி, வாட்ஸ்அப் மாதிரிப் பெரிய சேவைகள் சிறிய ஆப்கள் கேட்டால் தங்களோடு இணைய வழிவிட வேண்டும். முதலில் இருவருக்கிடையிலான செய்திகள், பிறகு குழுச் செய்திகள். குரல் அழைப்புக்கும் வீடியோ காலுக்கும் கடைசி இடம், நான்கு ஆண்டு அவகாசம். வாட்ஸ்அப்புக்கு அந்தக் கெடு 2027 செப்டம்பரில் முடிகிறது.